எச்சரிக்கை வேண்டாம்

காப்பார் சாலையில் லோரிகள் இன்னும் விளக்கை அணைக்காத நேரத்திலேயே சலவை ஆலைக்குள் நீராவி ஏறிவிடும். கூரைத் தகடு வியர்த்து, கீழே நிற்பவர்களின் கழுத்தில் சொட்டும். கோலாலம்பூர் ஹோட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்த ஈரக் குவியல்களாகத் தள்ளுவண்டிகளில் காத்திருக்கும். ஒரு வண்டியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர்தான் தள்ளுவார்.

அவர்கள் ரோலர் என்று சொல்வது ஓர் அறை நீளத்துக்குக் கிடக்கும் இஸ்திரி இயந்திரம். முன்பக்கம் இரண்டு பேர் நின்று விரிப்பின் மூலைகளைப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் உருளையின் வாய்க்குக் கொடுக்க வேண்டும். சுடும் உருளை அதை இழுத்துக்கொள்ளும். பின்பக்கம் நிற்பவர்கள் சூட்டோடு பிடித்து மடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர்களின் விரல்கள் ஊறி வெளுத்திருக்கும். பின்னால் நிற்பவர்களின் விரல்கள் காய்ந்து வெடித்திருக்கும். ஒரே துணிதான்.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு காப்புக் கம்பி உண்டு. கை பட்டால் கம்பி நகரும். நகர்ந்தால் இயந்திரம் நின்றுவிடும். அந்தக் கம்பியை நகர முடியாதபடி, தலையணை உறையிலிருந்து கிழித்த துணியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். துணி சூட்டில் பழுப்பேறியிருந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அன்று காலை முன்னால் நின்றவர்கள் குமுதாவும் இராஜம்மாவும். இருவரும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே பண்டமாரான் அடுக்குமாடியிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள். அவர்கள் உதறும்போது விரிப்பு ஒரே சத்தமாக எழும்.

"இந்தப் பெட்ஷீட்டுல படுக்கறவன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?" என்றாள் இராஜம்மா.

"அவன் இப்பதான் லா படுக்கப் போறான்" என்றாள் குமுதா.

சிரித்துக்கொண்டேதான் அடுத்த விரிப்பைக் கொடுத்தார்கள். அது வாயில் சுருண்டது. குமுதா வழக்கம்போல நீவிவிடக் கையை நீட்டினாள். ஈரத் துணி விரல்களைச் சுற்றிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. "ராஜம்" என்று மட்டும் சொன்னாள். பின்பக்கம் மடித்துக்கொண்டிருந்த ஜாபர் அலி இராஜம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். உருளை நின்றது. சூடு நிற்கவில்லை. மணிக்கட்டு வரை உள்ளே இருந்த கையை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது முதலாளி பக்தவத்சலத்தின் சொந்தக் கார்தான். அதைச் சொல்லியாக வேண்டும். கார் வாசலைத் தாண்டியதும் அவர் ஷிப்ட் லீடர் லோகனின் பக்கம் திரும்பி, "அந்தத் துணியை அவுத்துக் குப்பையில போடு. மெஷினைத் துடைச்சுட்டு ஓட்டு" என்றார். அதையும் சொல்லியாக வேண்டும்.

லோகன் துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டான். இயந்திரத்தைத் துடைத்து ஓட்டினான்.

*

லோகன் டிப்ளோமா படித்துக்கொண்டே இதே ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன். வகுப்பில் தூங்கித் தூங்கிப் படிப்பு போனது. ஷிப்ட் மட்டும் மிஞ்சியது. முதலாளி அலுவலகத்துக்கு ஏஐ வாங்கியபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள பிரிக்பீல்ட்ஸில் நடந்த வகுப்புக்கு அவனைத்தான் அனுப்பினார். யார் கேட்கிறீர்கள், யாருக்காக, என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்தத் தொனியில் வேண்டும். இவற்றைத் தெளிவாகச் சொன்னால் அது தெளிவாக எழுதும். இவ்வளவுதான் பாடம். அவனுக்கு அது உடனே பிடிபட்டது. பள்ளிக்கூட விடுப்புக் கடிதம், வீட்டு வாடகைத் தகராறு, மகன் படிப்புக்கு உதவிப்பண விண்ணப்பம் என்று ஆலையில் எல்லோரும் அவனிடம் வர ஆரம்பித்தார்கள். குமுதாவின் வீட்டில் தண்ணீர் ஒழுகியதற்கு அவன் எழுதிக் கொடுத்ததில்தான் ஆள் வந்து குழாயை மாற்றினான்.

கொதிகலன் பார்க்கும் தம்புசாமி ஏஐ இருந்த டேப்லட்டுக்குக் கிராணி என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் துரைக்குக் கணக்கெழுதிய கிராணியை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். "புதுக் கிராணி நல்லாத்தான் எழுதறான். யாருக்கு எழுதறான்னுதான் பார்க்கணும்" என்பார். லோகன் சிரிப்பான்.

முதலாளிக்கு நீளமாகப் படிக்கப் பிடிக்காது. அதனால் லோகன் ஏஐயிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பான்: முன்னுரை வேண்டாம், எச்சரிக்கை வேண்டாம், செய்ய வேண்டியதை மட்டும் சொல்.

ரோலர் அடிக்கடி நிற்கிறது என்று முதலாளி கத்தத் தொடங்கியபோது அவன் ஏஐயிடம்தான் கேட்டான். முதல் தடவை அந்த வரியைச் சேர்க்க மறந்துவிட்டான். நீளமான பதில் வந்தது. காப்புக் கம்பியில் துணி இடித்து இயந்திரம் வீணாக நிற்கலாம், கம்பியைச் சரியான இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள், எக்காரணம் கொண்டும் அதைச் செயலிழக்கச் செய்யாதீர்கள், கை உள்ளே போகும் ஆபத்து இருக்கிறது என்று எழுதியிருந்தது. லோகன் அதைப் படித்தான். சுவரில் ஒட்டச் சின்னதாக வேண்டும் என்று மறுபடியும் கேட்டான். எச்சரிக்கை வேண்டாம் என்றான். வந்த வரி: காப்புக் கம்பியால் வரும் நிறுத்தங்களைக் குறைக்கவும்.

சுவரில் ஒட்டினான். "எப்படி அண்ணே குறைக்கறது?" என்று ஜாபர் கேட்டான். "எதையாவது வெச்சுக் கட்டு லா" என்றான் லோகன்.

ரோலர் நிற்காமல் ஓடியது. முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

*

விபத்தன்று மதியம் முதலாளி அலுவலகத்தின் கதவைச் சாத்தினார். குரல் தணிவாக இருந்தது. அவர் கோயில் கமிட்டியில் பேசுகிற குரல்.

"ரிப்போர்ட் ஒண்ணு எழுதணும் லோகா. ஹோட்டல்காரங்க கேக்கறாங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போகணும். நைஸா எழுது. மெஷின் ஓகே, கம்பி ஓகே, ஆள் கொஞ்சம் கேர்லெஸ். அந்தம்மா கையெழுத்துப் போடட்டும்."

"சொக்சோவுக்கு எழுத வேணாமா பாஸ்? அடிபட்டவங்களுக்குக் காசு குடுக்கறது அவங்கதானே?"

"சொக்சோன்னா ஆபீசர் வருவான். வந்தா கம்பியைக் கேப்பான். யார் கட்டினதுன்னு கேப்பான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் கட்டச் சொன்னதுன்னும் கேப்பான். நான் உனக்காகத்தான் பார்க்கறேன். அந்தம்மாவுக்கு நான் ஆங்பாவ்னு கொஞ்சம் காசு குடுத்துடறேன். யாரும் கஷ்டப்பட வேணாம்."

குமுதா கையெழுத்துப் போட்டால் அவள் விதியை மீறியவள். விதியை மீறியவளை வேலையை விட்டு நிறுத்தலாம். சொக்சோ சும்மா இருக்கும். இது முதலாளியின் கணக்கு. லோகனுக்கு இது புரியாமல் இல்லை.

அவன் டேப்லட்டை எடுத்தான். நீ ஒரு சலவை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. படிப்பவர்கள் ஹோட்டல் நிர்வாகம். மரியாதையான தொனி. ஒரு பக்கம். விரல்கள் பழக்கத்தில் ஓடின.

ஏஐ எழுதுவதற்கு முன்னால் திருப்பிக் கேட்டது: விபத்து நடந்தபோது காப்புக் கம்பி இயங்கும் நிலையில் இருந்ததா? அறிக்கையில் இது முக்கியம்.

அவன் கண்ணாடித் தடுப்பு வழியாக ரோலரைப் பார்த்தான். குமுதா நின்ற இடத்தில் ஜாபர் நின்று மூலைகளை உதறிக்கொண்டிருந்தான். கம்பி இப்போது சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இயந்திரம் நின்று நின்று ஓடியது.

'இருந்தது' என்று தட்டினான்.

அறிக்கை வந்தது. நல்ல ஆங்கிலம். ஒரு சொல் கூட உறுத்தவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது வந்த வரிசையை நினைத்தால் அவனுக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

*

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் குமுதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலக் கை தலையணைமேல் ஒரு வெள்ளைப் பொட்டலமாகக் கிடந்தது. லோகனைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள்.

"படுங்க அக்கா."

"சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

காகிதத்தை நீட்டினான். அவள் இடக் கையால் வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும். நீயே வாசிச்சுத் தமிழ்ல சொல்லு லா."

வாசித்தான். தேதி, நேரம், ஆலையின் பெயர் எல்லாம் எளிதாகத் தமிழில் வந்தன. காப்புக் கம்பி முறையாக இயங்கிக்கொண்டிருந்த நிலையிலும் பணியாளர் நடைமுறையை மீறிக் கையை உள்ளே கொண்டுசென்றார் என்ற இடத்தில் அவன் குரல் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"கம்பி வேலை செஞ்சுதா?" என்றாள் குமுதா.

லோகன் காகிதத்தைப் பார்த்தான்.

"கட்டியிருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். மருந்து குடுத்துக்கிட்டே இருக்காங்க, மண்டை ஒரு நெலையில இல்ல. துணி நேத்து இருந்துச்சோ, அதுக்கு முந்தின நாளோ." அவள் யோசித்தாள். தன் நினைவைத் தானே சந்தேகப்பட்டுத் தேடினாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்க வீட்டுக் குழாய்க்கு எழுதினது எவ்வளவு கரெக்டா இருந்துச்சு. நான்தான் சரியாப் பார்க்கல போல. பேனா குடு. இடக் கையில போட்டா ஏத்துக்குவாங்களா?"

"அக்கா..."

"சாரி லா லோகா. என்னால உனக்கும் அலைச்சல்."

பேனா அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதைக் கையால் மூடிக்கொண்டான். பேனா கொண்டுவர மறந்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன் என்றான். அந்த நேரத்துக்கு அவனால் சொல்ல முடிந்தது இன்னொரு பொய்தான். படியிறங்கும்போது முதலாளி போனில் அழைத்தார். எடுக்கவில்லை.

*

மறுநாள் விடியலில் வேன் வந்து நின்றது. நீராவி ஏறியிருந்தது. ஈர விரிப்புகள் வண்டி வண்டியாக நின்றன. லோகன் ரோலரை ஓட்டவில்லை. டேப்லட்டை அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு கொதிகலனுக்குப் பக்கத்தில் தே ஓ என்ற பாலில்லாத தேநீர் குடிக்கும் மேசைக்கு வந்தான். தம்புசாமி அங்கே இருந்தார். இராஜம்மாவையும் ஜாபரையும் கூப்பிட்டான். அறிக்கையைத் தமிழில் வாசித்தான். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னான்.

இராஜம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "கம்பி வேலை செஞ்சுதுன்னு நீ எழுதினியா?"

"ஆமாக்கா."

"பக்கத்துல நின்னவ நான். என்னைக் கேட்டியா?"

"கேக்கல."

"அவளே தன்னைச் சந்தேகப்படற அளவுக்கு எழுதியிருக்கே. நல்லாப் படிச்சிருக்கே லோகா."

அவன் தலையைக் குனிந்துகொண்டே மீதியையும் சொன்னான். சுவரில் ஒட்டிய வரி எப்படி வந்தது என்பதைச் சொன்னான். "அது முன்னாடியே சொல்லுச்சு. கம்பியை முடக்காதே, கை போயிடும்னு. நான் படிச்சேன். நான்தான் அந்த வரி வேணாம்னேன்."

"பரவாயில்லையே" என்றார் தம்புசாமி. "கிராணிக்கு இருந்த இரக்கம் வேலை வாங்கற மண்டோருக்கு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

ஜாபர் அலி தொண்டியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். வருவதற்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. அவன் சுவரோடு ஒட்டி நின்றான். "கட்டுனது என் கைதான் அண்ணே. இது வெளிய போச்சுன்னா என்னைத்தான் முதல்ல பிளைட் ஏத்துவாங்க. நான் இதுல இல்ல. என்னை விட்ருங்க."

"கட்டினது நீ" என்றார் தம்புசாமி. "கட்டச் சொன்னது இவன். டெய்லி பார்த்துட்டுப் பேசாம போனது நான். எனக்கு அந்தக் கம்பி எதுக்குன்னு தெரியாதா?"

இராஜம்மா கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"நான் சந்தோஷப்பட்டேன்" என்றாள் இராஜம்மா. அவள் குரல் மாறியிருந்தது. "ரோலர் நின்னா அந்த பாஸ் கேமராவுல பார்த்துட்டு போன் அடிச்சுக் கத்துவான். கட்டினப்புறம் கத்தல. அப்பாடான்னு இருந்துச்சு. குமுதாவும்தான் சொன்னா, இப்பத்தான் நிம்மதியா வேலை செய்ய முடியுதுன்னு."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெட்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வந்துவிட்டது. ஆனால் பங்கிட்டதால் லோகனுக்கு அது குறைந்ததாகத் தெரியவில்லை.

"சரி, அந்தக் கிராணியைத் திற" என்றார் தம்புசாமி. "இந்தத் தடவை நாம சொல்லுவோம்."

லோகன் திறந்தான். எச்சரிக்கை வேண்டாம் என்ற வரியை அழித்தான். "யார் சொல்றதுன்னு முதல்ல போடணும்."

"ரோலர்ல வேலை செய்யறவங்க. கம்பெனின்னு போடாதே" என்றாள் இராஜம்மா.

"யாருக்கு?"

"பாதுகாப்பு இலாகாவுக்கு. சொக்சோவுக்கு. ஹோட்டல்காரனுக்கும் ஒண்ணு போகட்டும், அவன் படுக்கறது எதுமேலன்னு தெரியட்டும்" என்றார் தம்புசாமி.

நடந்ததை இராஜம்மா சொன்னாள். சுருண்ட விரிப்பு, குமுதாவின் கை, நகராத கம்பி. அவள் சொல்லச் சொல்ல அவன் அப்படியே தமிழில் தட்டினான். நடுவில் ஒரு தடவை அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஏஐ மறுபடியும் அதையே கேட்டது. கம்பி இயங்கும் நிலையில் இருந்ததா?

'இல்லை. கட்டப்பட்டிருந்தது' என்று தட்டினான். யார் கட்டினார்கள் என்று கேட்டது. அவன் விரல் நின்றது. ஜாபர் தரையைப் பார்த்தான்.

"நாங்கள்னு போடு" என்றாள் இராஜம்மா.

"நாங்கள் கட்டினோம். கட்டச் சொன்னவர் ஷிப்ட் லீடர் லோகன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான். "பின்பாதி இருக்கட்டும் அக்கா. அதை எடுக்கச் சொல்லாதீங்க."

அவள் எடுக்கச் சொல்லவில்லை.

"இப்ப, என்ன வேணும்னு சொல்லணும்" என்றான்.

அங்கேதான் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நடந்ததைச் சொல்ல வார்த்தை வந்தது. அதைச் செய்தது நாம்தான் என்று சொல்லவும் வந்தது. என்ன வேண்டும் என்றதும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இந்த ஆலையில் அவர்களை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"பாஸ் பார்த்து ஏதாவது செஞ்சா போதும்னு போடேன்" என்றாள் இராஜம்மா, மெதுவாக.

"மன்னிச்சுக்கச் சொல்லியும் ஒரு வரி போட்ருங்க" என்றான் ஜாபர். "மரியாதையா இருக்கும்."

லோகன் அப்படியே தட்டினான். வந்ததை வாசித்தான்: ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்; நிர்வாகம் பொருத்தமெனக் கருதும் எந்த உதவியையும் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

தம்புசாமி மேசையைத் தட்டினார். "கை வெந்தது நம்ம ஆளுக்கு. சாரி சொல்றது நாமளா?"

"அது நாம சொன்னதைத்தான் அங்கிள் எழுதுச்சு" என்றான் லோகன்.

அது உண்மை. அதனால்தான் கசந்தது. எத்தனையோ கடிதங்களை அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒன்றுகூட 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' இல்லாமல் போனதில்லை. ஏஐக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது கேட்டவர்கள் கொண்டுவந்தது.

"அழி" என்றாள் இராஜம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கம்பியைத் தெரிஞ்ச ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் ரோலர் ஓடாது. போட்டியா? குமுதா கை ஆறுற வரைக்கும் அவ சம்பளம் நிக்கக்கூடாது. ஆறினப்புறம் அவ வேலை அவளுக்கு. சொக்சோவுக்கு இன்னிக்கே எழுதணும்."

"தயவுசெய்துன்னு..." என்று ஆரம்பித்தான் ஜாபர்.

"ஜாபரு, ஒரு தடவை சும்மா இரேன்."

இப்போது ஜாபரே சிரித்துவிட்டான்.

*

ரோலர் நிற்பதைக் கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி வந்தார். செருப்பைக்கூட மாற்றாமல், வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

"என்னா மீட்டிங் இது? வெளிய லோரி நிக்குது."

லோகன் டேப்லட்டை நீட்டினான். நீளமாக இருந்தும் அவர் முழுவதையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் காது மடல் சிவந்தது.

"இது என் டேப்லட். மாசா மாசம் நான் கட்டறேன். இதுலயே எனக்கு எதிரா எழுதறீங்களா?"

"டேப்லட் உங்களுது பாஸ்" என்றாள் இராஜம்மா. "கை எங்களுது."

அவர் அவளை விட்டுவிட்டு லோகனிடம் திரும்பினார். "உன்னை க்ளாஸுக்கு அனுப்பினது நான். அதுக்கு இதுவா?"

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க பாஸ். முழுசாச் சொன்னாத்தான் சரியா எழுதும்னு. நான்தான் பாதியைச் சொன்னேன்."

"உன் பேர் இருக்கு இதுல. நீயே எழுதியிருக்கே. முதல்ல போறது நீதான், தெரியுமா?"

"தெரியும் பாஸ்."

அவன் டேப்லட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

முதலாளி ஜாபரைப் பார்த்தார். "நீ பெர்மிட்டுல இருக்கே. இவங்களோட சேர்ந்து ஆடாதே. யார் கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு போன் போதும்."

ஜாபர் ஓர் அடி பின்வாங்கினான். தம்புசாமி கைத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றார்.

"நாங்கள்னுதான் எழுதியிருக்கு பாஸ். எல்லாரையும் பிளைட் ஏத்தணும்னா ஏத்துங்க. நான் காப்பார்ல பொறந்தவன். என்னை எந்த ஊருக்கு டிக்கெட் போடுவீங்க?"

"மெஷினை ஓட்டுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

"கம்பியை ஆள் வந்து பார்க்கட்டும் பாஸ்" என்றான் லோகன். "அப்புறம் ஓட்டறோம்."

"இன்னிக்கே வேற ஆள் கொண்டுவருவேன்."

அவர்களில் யாருக்கும் அந்தப் பேச்சு புதிதில்லை. அவர் சொன்னால் செய்யக்கூடியவர் என்பதும் தெரியும். முதலாளி அலுவலகத்துக்குள் போய்க் கதவை அறைந்தார். கண்ணாடிக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

துவைக்கும் பக்கத்திலிருந்து நேப்பாள ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ரோலர் இழுக்காமல் ஈரத் துணி தேங்கிவிட்டது, என்ன விஷயம் என்று மலாய் மொழியில் கேட்டார்கள். லோகன் எழுதியதை நேப்பாளியில் தரும்படி ஏஐயிடம் கேட்டு அவர்களிடம் கொடுத்தான். அவர்கள் தலையைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். திரையில் என்ன இருந்தது என்று லோகனுக்குத் தெரியாது. முதல் தடவையாக, தான் கேட்டு வாங்கியதை இன்னொருவர் படிக்க, அவன் அவர்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். ஓரிடத்தில் ஒருவர் நிறுத்தி, தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தீக்காயம், வழுவழுவென்று இருந்தது. எந்த இயந்திரம் என்று அவர் சொல்லவில்லை. திரும்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் துவைக்கும் இயந்திரம் ஒன்று சுழன்று ஓய்ந்தது. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

"நான் போய் ஸ்டீமை இறக்கறேன்" என்றார் தம்புசாமி. "அது பாட்டுக்கு ஏறிடக் கூடாது."

"இதை இப்பவே அனுப்பிடவா?" என்றான் லோகன்.

"அனுப்பாதே" என்றாள் இராஜம்மா. "வெந்தது அவ கை. முதல்ல அவ கேக்கணும்."

அந்தக் கட்டிலுக்கு முன்னால் மறுபடியும் நின்று, நேற்று வாசித்தது பொய் என்று சொல்லி, இதை வாசிக்க வேண்டும். கட்டச் சொன்னவர் லோகன் என்ற இடத்தில் அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். "நான் மத்தியானம் போய்ட்டு வரேன்" என்றான்.

"நீ தனியாப் போக வேணாம். தனியாப் போய் வாசிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தோமே."

"வார்டுல ரெண்டு பேரைத்தான் விடுவாங்க அக்கா."

"நீயும் நானும் மேல போவோம். இவங்க கீழ நிக்கட்டும். அவ ஜன்னல்கிட்ட வந்தா இவங்க தெரிவாங்க."

"குமுதா அக்கா வேணாம்னு சொன்னா? வேலை போயிடும்னு பயந்தாங்கன்னா?"

இராஜம்மா தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினாள். "வேணாம்னா அவ சொல்லட்டும். அவ வாயால சொல்லட்டும். இத்தனை நாள் அவளுக்காக நீ சொன்னே, அந்தாள் சொன்னாரு."

மத்தியானப் பார்வையாளர் நேரத்துக்கு வேன் டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் அலுவலகக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். தம்புசாமி ஸ்டீமை இறக்கிவிட்டு வந்து ஏறினார். ஜாபர் கடைசி வரை வாசலில் நின்று, வருகிறானா இல்லையா என்று தெரியாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு ஓடிவந்து ஏறினான். "கீழதானே நிக்கறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஷிப்ட் லீடர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் வழக்கம். லோகன் முன் கதவில் கைவைத்தான். உள்ளேயிருந்து இராஜம்மா நகர்ந்து, ஜன்னலோரம் குமுதா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு இந்தப் பக்கம் தட்டிக் காட்டினாள்.

அவன் பின்னால் போய் ஏறினான். வேன் காப்பார் சாலையில் திரும்பியது. முன் இருக்கை காலியாகவே போனது.